மாமனாரின் பத்தியம்

என் மாமியார் இறந்து வருஷம் திரும்புவதற்கு முன்பே மாமனார் மறு கல்யாணம் செய்துகொண்டார். அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நிலமும் கிணறும் உள்ள மனிதர். கேட்டால் பெண் கொடுக்க ஆள் இருந்தார்கள். எனக்குக் கோபமெல்லாம் அந்த லேகியத்தின் மேல்தான். இன்றைக்கும் எங்கேயாவது நெய்யில் சாதிக்காய் வதங்குகிற வாசனை வந்தால் என் இடுப்பு தானாக வலிக்க ஆரம்பித்துவிடும்.

எங்கள் வீடு சங்ககிரிக்குத் தெற்கே, பள்ளிபாளையம் போகிற வண்டிப் பாதையை ஒட்டித் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. மாமனார், என் கணவர், நான், பால் மறந்துகொண்டிருந்த என் பையன், இவ்வளவு பேர்தான் வீட்டில். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. மாமனார் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்த புது மாமியாருக்கோ என்னைவிட இரண்டு வயதுதான் கூட. சின்ன வயதில் அம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு. அதனாலேயே பேசி வந்த இடமெல்லாம் தட்டிப்போய், அண்ணன் வீட்டில் சாணி அள்ளிக்கொண்டு காலத்தை ஓட்டியவள். அவளை நான் 'அத்தை' என்று கூப்பிட வேண்டும். முதல் நாள் அந்த வார்த்தை எனக்கு ஒட்டவில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் கூப்பிட்டதும், தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். இங்கே அவளை 'அவள்' என்றே எழுதுகிறேன். வாயால் 'நீங்க' என்றாலும் பிற்பாடு எங்களுக்குள் பழகிப்போனது அப்படித்தான்.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் மாமனார் ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் நேரே மாட்டுக் கொட்டகைக்குப் போய்க் கன்றுக்குட்டியின் கழுத்தைச் சொறிந்தபடி நின்றார். நான் சாணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கன்றுக்குட்டியிடம் சொல்வது போலச் சொன்னார்:

"மூட்டு வலி தாங்க முடியலே அம்மிணி. வைத்தியரு ஒரு லேகியம் சொல்லியிருக்கறாரு. கொஞ்சம் பக்குவமாப் பண்ணோணும். உன்ற கைக்குத்தான் அது வரும்."

பிறகு சாமான்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அமுக்கராக் கிழங்கு, நிலப்பனைக் கிழங்கு, தண்ணீர்விட்டான் கிழங்கு, பூனைக்காலி விதை, நீர்முள்ளி விதை, முருங்கைப் பிசின், கசகசா, சாதிக்காய், குங்குமப்பூ. கேட்கக் கேட்க எனக்குப் புரிந்துவிட்டது. நான் பிறந்த வீட்டிலும் பெரியவர்கள் மருந்து தின்றிருக்கிறார்கள். முட்டி வலிக்கு முடக்கத்தான் தின்பார்கள். குங்குமப்பூ தின்ன மாட்டார்கள். ஆனால் மாமனாரிடம் அதைச் சொல்ல முடியுமா? "சரிங்க மாமா" என்று சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாமான் வாங்க என் கணவர் சேலத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார். மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்த ராவுத்தர் வரிசையாக எடுத்து நிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில், "இவ்வளவும் யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். என் கணவர் கூச்ச சுபாவம் உள்ளவர். "காளைக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

"காளைக்குக் குங்குமப்பூவா? ரொம்ப யோகக்காரக் காளைதான். என்ன வயசு அதுக்கு?"

"அறுபதுன்னு சொல்ல வாயெடுத்துட்டேன் புள்ள" என்று திரும்பி வந்ததும் என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த விஷயத்தில் நான் சிரித்தது அதோடு சரி.

மறுநாள் வேலை ஆரம்பித்தது. கிழங்குகளை உரலில் போட்டு இடித்து, துணியில் சலித்து, கப்பியை மறுபடி இடித்து, மறுபடி சலிக்க வேண்டும். அமுக்கராப் பொடியை அப்படியே போடக் கூடாதாம். பானையில் பாலை ஊற்றி, வாயில் துணி கட்டி, துணியின் மேல் பொடியைப் பரப்பிப் பிட்டு அவிப்பது போல அவிக்க வேண்டும். அவித்ததை வெயிலில் உலர்த்தி மறுபடி இடிக்க வேண்டும். பூனைக்காலி விதையைப் பாலில் வேகவைத்துத் தோலை உரிக்க வேண்டும். பிறகு கருப்பட்டிப் பாகு, நெய், தேன். அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் தீய்ந்துவிடும்.

இதற்கு நடுவில் மாமனார், கடை விதை பழசாக இருக்கிறது, வேலியில் நம் பூனைக்காலியே காய்த்துக் கிடக்கிறது என்று ஒரு முறம் காயைப் பறித்து வைத்துவிட்டுப் போனார். கம்பால் தட்டிப் பறித்தது அவர், உரித்தது நான். அந்தக் காயின் மேல் இருக்கும் சுணை பட்டால் எப்படி அரிக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். கை, கழுத்து, முகம் எல்லாம் தடித்துப்போய், சாணியைக் குழைத்துப் பூசிக்கொண்டு நான் வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடினேன். மாமனார் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பாத்து உரிக்கறதில்லையா சாமி" என்றார்.

இதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். பால்தான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. கறவையில் இருந்தது ஒரே மாடு. கறந்த பாலெல்லாம் மருந்துப் பானைக்குப் போனது. மருந்து தயாரான பிறகும், லேகியம் தின்றால் மேலே ஒரு செம்பு காய்ச்சின பால் குடிக்க வேண்டும் என்று அதற்கும் போனது. என் பையன் வெறும் கம்பங்கூழைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவான். தண்ணீர்விட்டான் கிழங்கு பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுக்கிற மருந்து. நான் பிள்ளை பெற்றபோது அதைத் தோண்டிக் கொண்டுவந்து கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோட்டத்திலும் இதே கூத்து. கடலைக்காய்க் காட்டில் ஓரிதழ்த் தாமரை முளைக்கும். பேர்தான் தாமரை, அது ஒரு சாண் உயரச் செடி, ஒற்றை இதழாக ஊதாப் பூ. நாங்கள் காலம் காலமாகக் களை என்று கொத்தி எறிகிறது. அந்த வருஷம் மாமனார் களை எடுக்க வந்த பெண்களிடம், "அந்தச் செடியில கைய வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். விடிந்ததும் எழுந்துபோய் அதைப் பறித்து மென்றுவிட்டு வருவார். ஒரு மனிதர் எவ்வளவு மெல்ல முடியும்? காடு முழுக்க அது மண்டியது. பெண்கள் களைக்கொத்தை வைத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். என் கணவர் அந்தப் பக்கமே போகவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே பத்தியம். புளி ஆகாது, பாகற்காய் ஆகாது, அகத்திக் கீரை ஆகாது. அவருக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. அதோடு ஒரு மண்டலம் தனிப் படுக்கை. மருந்து உடம்பில் ஊறுகிற வரைக்கும் பெண்சாதி பக்கம் போகக் கூடாது என்பது வைத்தியர் கட்டளையாம். நடுவில் பத்தியம் முறிந்தால் தின்ற மருந்தெல்லாம் வீண். புதிதாகச் செய்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்.

முறிந்தது. மண்டலம் முடியப் போகிற சமயத்தில் ஒருநாள் மாமனார் சாப்பாட்டிலிருந்து எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, "கொழம்புல புளி பட்டிருக்குது. யாரோ கரண்டிய மாத்திப் போட்டுட்டாங்க. போச்சு, எல்லாம் போச்சு" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். மாமனாரின் தங்கச்சி முறைக்காரி ஒருத்தி வந்திருந்தவள், "மருந்து சாப்புடற மனுசனுக்கு இவ்வளவு அசட்டையாவா ஆக்கிப் போடறது?" என்று என்னைத்தான் கேட்டாள். மறுபடி சேலம், மறுபடி உரல், மறுபடி பால்.

இரண்டாவது தடவையும் அதே போல முடிகிற தறுவாயில் முறிந்தது. அப்போது எனக்குச் சந்தேகம் வந்தது. நான் கரண்டியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன். அப்படியானால் புளி எங்கிருந்து வருகிறது? அடுப்படியில் என்னைத் தவிரப் புழங்குகிறவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு மண்டலம் முடிவதில் இஷ்டம் இல்லை, அதனால்தான் செய்கிறாள் என்று நினைத்தேன். நினைத்துப் பார்த்தால் அவள் மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் இடுப்பு ஒடிவது எனக்கு.

மூன்றாவது சட்டியும் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. ஒருநாள் மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளைத் தேடிக்கொண்டு வரப்பு வழியாகப் போனேன். கிணற்று மேட்டுப் புளியமரத்துக்குப் பின்னால் மாமனார் உட்கார்ந்திருந்தார். மடியில் செங்காயாகப் பறித்த புளியங்காய். ஒரு கையில் உப்புப் பொட்டணம். தொட்டுத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மசக்கைக்காரி தின்பது போலத் தின்றுகொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு எப்படித் தெரியுமோ, அன்று சாயந்திரம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு வாய் தின்றதும் வழக்கம் போல, "இன்னைக்கும் புளி பட்டிருக்குது அம்மிணி" என்றார். என் முகத்தைப் பார்த்தேதான் சொன்னார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

பாத்திரம் தேய்க்கிற இடத்தில் அவளிடம் போய்க் கொட்டினேன். "அத்தை, புளியக் கலக்கறது நீங்கன்னு இத்தனை நாளு நெனச்சேன். அவரேதான் மரத்தடியில உக்காந்து திங்கறாரு. எதுக்குங்க இது? திங்கறதுக்கு மருந்து, முறிக்கறதுக்குப் புளி. நடுவுல நான் எதுக்கு?"

அவள் சாம்பல் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்குத் தெரியும். மொதல் தடவையே தெரியும். மடித்துணியில கறை இருந்துச்சு."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"என்ன பண்ணச் சொல்றே? அவரு பயந்துக்கிட்டு இருக்கறாரு அம்மிணி. மொதல்ல நான் வேற நெனச்சேன். என்ற மூஞ்சியப் பாத்துத்தான் ஒதுங்கறாருன்னு ராவெல்லாம் அழுதேன். அப்பறம் ஒருநா என்ற கையப் புடிச்சுக்கிட்டு, மருந்து முடியட்டும், முடியட்டும்னாரு. கெஞ்சறாப்பல இருந்துச்சு. மருந்து ஓடிக்கிட்டு இருக்கற வரைக்கும் யாரும் அவர ஒண்ணும் கேக்க முடியாதில்ல. அதான்."

நான் பக்கத்தில் குந்தினேன். அவள் சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. அண்ணன் ஊட்டுல அவங்க தின்னு மிச்சம் இருந்தாச் சோறு. இங்க சட்டியத் தொறந்து நானே போட்டுக்கறேன். லேகியம் கிண்டற கரண்டியக்கூட நாந்தான் நக்கறேன். ருசியாத்தான் இருக்குது."

உண்மைதான். வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தவளுக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது. நெய்யும் பாலும் கருப்பட்டியும் யார் தின்றாலும் உடம்பில் ஒட்டும்.

"உங்க ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. என்ற இடுப்புக்கு என்ன வழி? என்ற பையன் பாலுக்கு என்ன வழி?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போயிருக்கும்.

"பாலுக்கா? நான் வந்ததுல இருந்து அவரு செம்புல பாதி தண்ணிதான். மீதி உன்ற பையன் வயித்துல. கூழுல ஊத்திக் கலக்கி ஊட்டறேனே, நீ பாத்ததில்லையா?"

நான் பார்த்ததில்லை. உரலே கதி என்று கிடந்தவளுக்கு அது எங்கே கண்ணில் படும்? பையன் சில மாதமாக அவள் இடுப்பை விட்டு இறங்காமல் இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

"இடுப்புக்கும் ஒரு வழி பண்றேன் இரு" என்றாள்.

அடுத்த நாள் ஊர்க் கிணற்றுக்கு நல்ல தண்ணீர் எடுக்கப் போனோம். இவ்வளவு காலமும் ஊர்ப் பெண்கள் ஜாடையாகக் கேட்பதும் இவள் தலையைக் குனிந்துகொள்வதுமாகத்தான் இருந்தது. அன்றைக்கும் ஒருத்தி, "என்ன, லேகியம் இன்னும் நடக்குதா?" என்று இழுத்தாள். இவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"அந்தப் பேச்சே வேண்டாமுங்க அக்கா. போதும், நிறுத்துங்கன்னு நாந்தான் சொல்லிப்போட்டேன். என்னால ஆகலீங்க."

சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். கிணற்று மேட்டில் இருந்தவர்கள் திறந்த வாயை மூடவில்லை. நான் பின்னாலேயே போனேன். வழியில் அவள் கழுத்து சிவந்திருந்தது. அப்படி ஒரு பொய்யைச் சொல்ல அவள் எவ்வளவு கூச்சப்பட்டிருப்பாள் என்று தெரிந்தது. "அவருக்கும் மரியாதை, உனக்கும் ஓய்வு" என்று மட்டும் சொன்னாள்.

பேச்சு ஊரெல்லாம் சுற்றி மாமனார் காதுக்கும் வந்தது, மரியாதையும் வந்தது. வாரம் திரும்புவதற்குள் மாமனார் தோளில் துண்டைப் போட்டு நடக்கிற நடையே வேறாக இருந்தது. மருந்தும் நின்றது, பத்தியமும் நின்றது. புளிக்குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசக்கூட ஆரம்பித்தார். சந்தைக்கு வண்டியில் அவளையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஓய்வு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஓய்வா? ஊரில் உள்ள ஆம்பிளைகளுக்கெல்லாம் மூட்டு வலி வந்துவிட்டது. முதலில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்தார். பிறகு அவருடைய சம்பந்தி. பிறகு சங்ககிரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு இரண்டு பேர். எல்லோரும் முழங்காலைத் தடவிக்கொண்டே பேசினார்கள். மாமனார் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு நீர்முள்ளி என்ன செய்யும், நிலப்பனை என்ன செய்யும் என்று விளக்கினார். ஒரு மண்டலத்தைக்கூட முடிக்காத மனிதர், பத்தியத்தைப் பற்றி அவர்களை மிரட்டினார். "புளி ஒரு சொட்டு நாக்குல படக் கூடாது, ஆமா!"

பிறகு உள்ளே திரும்பி, "அம்மிணி, இன்னும் ரெண்டு சட்டி பண்ணோணுமாட்ட இருக்குது. நம்மள நம்பி வந்திருக்கறாங்க" என்றார்.

அதுவரை நான் அவருக்கு எதிரே நின்று பேசினதில்லை. அன்று முற்றத்துக்கு வந்தேன். "ஏனுங்க மாமா, என்ற இடுப்பு என்ன உங்க ஊட்டு உரலுங்களா? நான் இனிமே ஒரு கிழங்குகூட இடிக்க மாட்டனுங்க. வேணுங்கறவங்க வந்து இடிச்சுக்கட்டும்" என்றேன். அடுத்த வார்த்தை, புளியமரத்து வார்த்தை, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவருக்குப் பின்னால் வாசப்படியில் என் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள். அதை விழுங்கினேன். விழுங்கினது எனக்கு இன்றைக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது.

மாமனார் என்னையே பார்த்தார். நான் எதை விழுங்கினேன் என்று அவருக்குத் தெரியும். "அதுவுஞ் சரிதான்" என்று எழுந்து, உரலைத் தானே உருட்டிக் கொட்டகைப் பக்கம் கொண்டுபோனார்.

அப்புறம் அந்தக் கிழவர்களே இடித்தார்கள், சலித்தார்கள், கிண்டினார்கள். பாலும் நெய்யும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பூனைக்காலிக் காயை வெறுங்கையால் உரித்துவிட்டுக் கிணற்றில் போய் விழாத குறையாக ஓடினார். அது எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. எந்த நேரமும் கொட்டகையில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். மாமியார் போனதிலிருந்து மாமனார் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. லேகியம் யாருக்காவது பலித்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கிழவர்களின் பெண்சாதிமார் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் என்னை முறைத்துவிட்டுப் போனார்கள். முறைத்ததற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் என் கணவர் தலையைச் சொறிந்துகொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். "இந்தா புள்ள, அப்பன் சட்டியில ஏதாச்சும் மிச்சம் கெடக்குதா?" நான் கையிலிருந்த அகப்பையைத் தூக்கிக் காட்டினேன். அவர் காளைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அவளுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி ஊர் என்னவோ பேசியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் பையனையும் அவனுக்குப் பின் பிறந்த இரண்டு பேரையும் வளர்த்தது அவள்தான். அவளும் மாமனாரும் எந்த மாதிரி வாழ்ந்தார்கள் என்று நான் துருவிக் கேட்டதில்லை. சாயந்திரமானால் மாமனார் கட்டிலில் சாய்ந்திருப்பார். அவள் கீழே உட்கார்ந்து கடலைக்காய் உடைப்பாள். உடைத்ததில் பாதியை அவர் கையில் வைப்பாள். பெரும்பாலும் அவர்தான் பேசுவார்.

சண்டை முடிகிற சமயத்தில், மண்ணெண்ணெய் கிடைக்காமல் எல்லோரும் திண்டாடிய ஒரு மாரிக்காலத்தில், மாமனார் காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆட்டையாம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முகத்தில் துக்கம்தான் இருந்தது. முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"அம்மிணி, பெரியவரு பண்ணுவாரே அந்த லேகியம், அதோட பக்குவம் உனக்குத் தெரியும்ங்கறாங்களே?"

எழவு வீடு என்பதால் தப்பித்தார். "அந்தப் பக்கம் நெழல்ல போய் உக்காருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கி, தழும்புகூடத் தெரியவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவில்லை என்று யாரோ சொன்னார்கள். நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கலக்கி எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாள். "குடிங்க" என்று கொஞ்சம் அதட்டித்தான் சொன்னேன். வாங்கிக் குடித்தாள்.